பதினான்கு பாயிண்டுகளும் ஒரு பிரிண்டரும்

1

சென்ற மாதம் எனக்கு ஒரு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள பென்குயின்தாசன், நமது மன்றத்தில் நீங்கள் இணைந்து இன்றோடு ஆறு ஆண்டுகள் நிறைவடைகின்றன. இதுவரை நீங்கள் இட்ட பதிவுகள்: 4,112." அடுத்த நிமிடமே இன்னொன்று. "சர்வரை நடத்த ஆளில்லாததால் இந்த மாதக் கடைசியோடு மன்றம் மூடப்படுகிறது. அவரவர் பதிவுகளை அவரவர் சேமித்துக்கொள்ளவும்."

பென்குயின்தாசன் நான்தான். இயற்பெயர் வரதன். நாற்பதைத் தொட்டவன், முன்தலையில் முடி விடைபெற்றவன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவன். கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளில் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. விண்டோஸ் ஒன்று, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் ஒன்று. லினக்ஸின் சின்னம் பென்குயின். நான் அதற்கு தாசன். என் அப்பா வைகுண்டவாசனுக்கு தாசன், நான் குளிர்ப்பிரதேசப் பறவைக்கு தாசன். குடும்பத்தில் இப்படி ஒரு முன்னேற்றம்.

4,112 பதிவுகளையும் சேமிக்க எனக்கு ஆசை இல்லை. தேடிப்போனது ஒன்றைத்தான். தலைப்பு: 'விண்டோஸா லினக்ஸா, இறுதித் தீர்ப்பு'. அறுபத்து மூன்று பக்கம். ஊடே யார் யாரோ கைதட்டியிருக்கிறார்களே தவிர, சண்டை போட்டது இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் 'தாமல் எக்ஸ்பிரஸ்', அதாவது என் சிநேகிதன் ஏகாம்பரம். கடைசிப் பதிவு என்னுடையது. ஏகாம்பரம் அதற்கப்புறம் மன்றத்துக்கு வரவே இல்லை.

மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. அதற்குள் அந்தப் பதிவை நான் அழிக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதற்குக் கீழே அவன் ஒரு வரியாவது எழுத வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

2

முதலில் என் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் நான் பிறந்த தெருவில் நெற்றி நாமத்தில் இரண்டு தினுசு. ஒன்றுக்குக் கீழே பாதம் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. இரண்டு கட்சிக்கும் ஒரே பெருமாள், ஒரே பிரபந்தம், ஒரே கோயில் இட்லி. தகராறெல்லாம் பாராயணம் முடிகிறபோது சொல்லும் கடைசி வாழ்த்தில்தான். இவர்கள் குருவை வாழ்த்தி இவர்கள் முடிக்க வேண்டும், அவர்கள் குருவை வாழ்த்தி அவர்கள் முடிக்க வேண்டும். யார் சத்தம் கடைசியில் காற்றில் நிற்கிறதோ, அன்றைக்கு அந்தக் கட்சிக்கு வெற்றி.

என் அப்பா கணக்கு வாத்தியார், பரம சாது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆனால் பாராயணக் கோஷ்டியில் நின்றுவிட்டால் ஆளே வேறு. எதிர்க்கட்சி எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று கணக்குப் போட்டு, சரியாக அங்கே நுழைவார். மிளகும் சுக்கும் மணக்கும் இட்லி எதிரிலேயே ஆறிக் கல்லாகிக்கொண்டிருக்கும். யாரும் கை நீட்ட மாட்டார்கள்; இட்லி வாய்க்குள் போனால் சத்தம் வெளியே வராதே. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு யார் முடிச்சா?"

எங்கள் குடும்பம் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கடிதங்கள் வரும். நான் பதில் எழுதுவேன். இந்தப் பத்திரிகைக்கு வேறு வேலைகள் இருக்கும்.

வெளிநாட்டுக்கு வந்து நாமம் போனது, சந்தியாவந்தனம் போனது, வேட்டி வருஷத்துக்கு ஒருநாள் என்று ஆனது. கடைசியில் முடிப்பவன் ஜெயித்தவன் என்ற அந்த ஒரு சித்தாந்தம் மட்டும் சுங்கச் சோதனையில் மாட்டாமல் என்னோடு வந்து சேர்ந்துவிட்டது.

3

ஏகாம்பரத்தை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில். விவசாயக் குடும்பம், தாமலிலிருந்து பஸ் ஏறி வருவான். முதல் நாளே வாசலில் தகராறு.

"செருப்ப இன்னாத்துக்குபா கழட்டணும்? உள்ள சாமி இருக்குதா?"

"ஏ.சி. இருக்கு," என்றார் மாஸ்டர்.

"அப்ப ஏ.சி.தான் சாமியா? சரி, சொல்லிட்டா போச்சி. கையெடுத்துக் கும்புட்டுக்கறேன்." நிஜமாகவே கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

ஒரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே மாஸ்டராகிவிட்டோம். அவன் அண்ணன் ஊராட்சித் தேர்தலில் நிற்கப்போவதாகவும் கூடவே வந்து வேலை செய்யும்படியும் கூப்பிட்டார். "எனக்கு மைக்கு வாணாண்ணே, மவுஸு போதும்" என்று சொல்லிவிட்டான். நான் ஜெர்மனிக்கு விமானம் ஏறிய அதே மாதம், சின்ன காஞ்சிபுரத்தில் ஆறு கம்ப்யூட்டரோடு அவன் பிரவுசிங் சென்டர் திறந்தான். 'ஏகா கம்ப்யூட்டர்ஸ்' என்று மஞ்சள் போர்டு. அதன் புகைப்படத்தை எனக்கு அனுப்பியபோது ஒரு வரிதான் எழுதியிருந்தான்: "வரது, பேரு எயித்துல லைட்டு எரியுதுடா."

கடைக்கு வராத ஆளே கிடையாது. பரீட்சை முடிவு பார்க்க, மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகம் அனுப்ப, துப்பாக்கிச் சண்டை விளையாட. புடவைக் கரைக்கு டிசைன் வரையும் மாணிக்கம் என்பவர் தினமும் காலை இரண்டு மணி நேரம் ஒரு மெஷினைப் பிடித்துக்கொள்வார். பங்குனி சித்திரையில் சுற்றுவட்டார எஞ்சினியரிங் கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கப் படை எடுப்பார்கள். அந்த இரண்டு மாதம்தான் அவனுக்கு அறுவடை.

4

தமிழில் கணினியைப் பற்றிப் பேச ஒரு மன்றம் இணையத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவனே ஏகாம்பரம்தான். "தனியா கெடப்ப, வந்து நாலு பேரோட பேசு" என்றான். தனியாகத்தான் கிடந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஆணி அடிக்கக்கூடக் கூடாது. காலையில் ரயில், மதியம் ஆபீஸ் கேன்டீனில் வெந்தும் வேகாத உருளைக்கிழங்கு, மாலையில் ரயில். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் 'நன்றி'யும் 'மன்னிக்கவும்'மும் போக மிச்சம் எல்லாம் வாஷிங் மெஷின் பாகங்களின் பெயர். மன்றத்தில்தான் நான் முழு மனிதனாக இருந்தேன். அதாவது, வாய் உள்ள மனிதனாக.

நேரில் நாங்கள் வாடா போடா. மன்றத்தில் அது நடக்காது. தமிழில் விவாதிப்பவர்களிடம் ஒரு விசேஷம், கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். முதல் பக்கத்தில் 'நண்பர் ஏகாம்பரம்'. பத்தாவது பக்கத்தில் 'நண்பர் ஏகாம்பரம் அவர்களே'. முப்பதாவது பக்கத்தில் 'பெருமதிப்பிற்குரிய நண்பர் அவர்களின் மேலான பார்வைக்கு'. இந்தக் கட்டத்தில் நேரில் இருந்தால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருப்போம்.

நான் மென்பொருள் சுதந்திரம் பற்றி எழுதினேன். மென்பொருளுக்கு உள்ளே எழுதியிருக்கும் மூலநிரலைப் படிக்கும் உரிமை மனிதனின் பிறப்புரிமை என்றேன். அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான்: "வரதன் அவர்களே, என் கடைக்கு வர்றவங்க எதையும் படிக்க வர்ல. ஸ்டார்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்கணும், அத அமுக்கணும், அவ்ளோதான் அவங்க சுதந்திரம்."

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது தார்மீகத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பது விவாதக் கலையின் பாலபாடம். அந்த நாளில் ஊரில் எல்லாக் கடையையும் போல அவன் கடையிலும் இருந்தது நகலெடுத்த சிடிதான். எழுதினேன்: "மேலே பெருமாள் படம், கீழே திருட்டு சிடி. நண்பர் தினமும் யாருக்குக் கற்பூரம் காட்டுகிறார் என்று அவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்."

மன்றமே எழுந்து கைதட்டியது. மட்டுறுத்துநர், அதாவது மன்றத்தில் தராசு பிடிக்கும் பெரியவர், "அருமையான வாதம்" என்று ஒரு பூச்செண்டுப் படம் போட்டார்.

ஏகாம்பரம் நான்கு நாள் எழுதவில்லை. ஐந்தாம் நாள் ஒரு புகைப்படம் போட்டான். கடை மேஜை மேல் நாற்பது, ஐம்பது சிடி, எல்லாம் இரண்டு துண்டாக உடைந்து. "ஆறு மெஷின்லயும் லினக்ஸ் போட்டுட்டேன். வரதன் அவர்கள் சொன்னது மனசுல தெச்சிட்சி. இனிமே சந்தேகம் வந்தா அவரத்தான் கேப்பேன்."

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம் தந்துவிடுகிறேன். நான் இதையெல்லாம் எழுதியது ஆபீஸ் கம்ப்யூட்டரில், மதிய இடைவேளையில். அது விண்டோஸ். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதைப் பராமரிப்பதற்காகத்தான். வீட்டு மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தது, மறுக்கவில்லை. அதில் இரண்டு வருஷமாகச் சத்தம் வரவில்லை. மன்றத்தில் யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது, "இசை கவனத்தைச் சிதறடிக்கும்" என்று எழுதினேன்.

5

கடைசி வார்த்தை வியாதி மன்றத்தோடு நிற்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி.

விசா நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சீட்டு எண் எடுத்து மூன்று மணி நேரம் காத்திருந்து, கையில் இருந்தது பழைய படிவம் என்று தெரிந்து, புதிய படிவம் நிரப்பி, அதற்குப் புதிய சீட்டு எண் எடுத்து உள்ளே போனேன். அதிகாரி அம்மாள் நல்லவர். ஜெர்மன் மொழி வகுப்பில் எனக்கு ஒரு பிரம்மாஸ்திரம் கற்றுக் கொடுத்திருந்தார்கள், 'உங்களுக்கும் அப்படியே' என்ற அர்த்தத்தில் ஒரு சொல். யார் எதை வாழ்த்தினாலும் அதைத் திருப்பிவிட்டால் போதும், முடித்தவன் நான். அம்மாள் காலை வணக்கம் சொன்னார், உங்களுக்கும் அப்படியே. நல்ல வாரம் அமையட்டும் என்றார், உங்களுக்கும் அப்படியே. பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, முகம் மாறாமல், "உங்கள் அனுமதி அடுத்த மார்ச்சோடு முடிகிறது, அதன் பிறகு நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும்" என்றார்.

"உங்களுக்கும் அப்படியே," என்றேன்.

பத்மா, என் மனைவி, பக்கத்தில்தான் இருந்தாள். வெளியே வந்து டிராம் ஏறியதும், "ஏன்னா, ஒருநாள் ஒரு வேளை, அடுத்தவா சொல்லி முடிக்கட்டும்னு விட்டா குடி முழுகிடுமா?" என்றாள்.

முழுகாது என்று நான்கு காரணம் சொன்னேன்.

6

மறுபடி பங்குனி வந்தது. நான் கேன்டீனில் உருளைக்கிழங்கை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஊரில் அப்போது மாலை நான்கு மணி இருக்கும். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஏகாம்பரத்தின் பதிவு ஒன்று புதிதாக வந்திருந்தது.

"வரதன் அவர்களே, லினக்ஸில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?"

இதை இன்று படிக்கும் எவருக்கும் இது ஒரு கேள்வி என்று தெரியும். கேள்விக்குறிகூட இருக்கிறது. அவன் என்றும் இல்லாமல் ஒழுங்கான எழுத்துத் தமிழில் எழுதியிருக்கிறான். பதறினால் அவனுக்கு அப்படித்தான் வரும், கம்ப்யூட்டர் சென்டரில் பரீட்சை எழுதும்போதே பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதிர்க்கட்சி மீண்டும் வாயைத் திறந்துவிட்டது.

பதினான்கு பாயிண்டு எழுதினேன். பிரிண்டர் வேலை செய்யாதது லினக்ஸின் குற்றமல்ல, பிரிண்டர் தயாரித்தவரின் குற்றம். பொருத்தமான பிரிண்டர்களின் பட்டியலைப் படிக்காமல் வாங்கியது வாங்கியவரின் குற்றம். மூன்றாவது பாயிண்டில் சுதந்திரம், ஏழாவதில் மாதிரிக்கு லினக்ஸுக்கு மாறிய ஒரு ஜெர்மன் நகராட்சி, பதினொன்றில் தாய்மொழி. பதினான்காவது பாயிண்டு இன்னும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும்: "கருவியைக் குறை சொல்பவர் முதலில் தன் கையைப் பார்க்கட்டும்."

பூச்செண்டுகள் குவிந்தன. ஒருவர் பட்டாசுப் படம் போட்டார்.

அன்று பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நானே எழுதினேன்: "நண்பரிடமிருந்து மறுப்பேதும் இல்லாததால் இவ்விவாதம் இத்துடன் இனிதே நிறைவுற்றது. வணக்கம்." எழுதிவிட்டு, வழக்கமாக இரண்டு தரம் விலை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் செர்ரி கேக் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா கேட்பது காதில் விழுந்தது. இன்னிக்கு யார் முடிச்சா? நான்தாம்மா.

7

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். 'ஏகா கம்ப்யூட்டர்ஸ்' இருந்த இடத்தில் ஜூஸ் கடை இருந்தது. மஞ்சள் போர்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'சாத்துக்குடி, மாதுளை, சப்போட்டா' என்று எழுதியிருந்தார்கள். விளிம்புக்குள் பழைய லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மன்றத்திலிருந்து அவன் காணாமல் போனதைத் தோல்வி என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். இடையில் இரண்டு தடவை போன் செய்தேன், நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. வெட்கப்பட்டுக்கொண்டு நம்பரையே மாற்றிவிட்டானா என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் அவன் வேலை பார்ப்பதாக ஜூஸ்காரர் சொன்னார். போனேன். கடைக்குள் மை நெடி. மானிட்டரில் ஒரு காதணி விழா பேனர், நடுவே அழுகிற குழந்தை, சுற்றிலும் சொந்தக்காரர்களின் தலைகள். ஏகாம்பரம் ஒரு தலையை மவுஸால் வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு அம்மாள் நின்று மேற்பார்வை.

"இன்னாபா, எங்க அண்ணன் மூஞ்சி இம்மாம் கருப்பா இருக்குது?"

"போட்டோல அப்படித்தாம்மா இருக்குது."

"போட்டோல இருந்தா? தாய்மாமன்பா. கொஞ்சம் வெளுத்து உடு. தலையும் சின்னதா கெடக்குது, பெருசாக்கு."

"இதுக்கு மேல பெருசாக்கினா கொயந்த மறஞ்சிடும்மா."

"மறஞ்சா மறையட்டும். நாளிக்கு அவுரு வந்து பாத்து மொறைப்பாரு, யாரு பதில் சொல்றது?"

ஏகாம்பரம் தலையைப் பெரிதாக்கினான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான்.

"வா..." என்றான். அப்புறம் மிச்சத்தைச் சேர்த்தான். "...ங்க. எப்ப வந்தீங்க?"

அறுபத்து மூன்று பக்கம் 'அவர்களே' போட்டபோது உறைக்காதது, அந்த இரண்டு எழுத்தில் உறைத்தது.

"என்னடா வாங்க போங்கன்னுட்டு," என்றேன்.

"பயக்கம் ஆயிட்ச்சிங்க." சிரித்தான். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உக்காருங்க. மெஷினுல விண்டோஸுதான் ஓடுது, கண்டுக்காதீங்க. கட என்தில்ல."

நான் கடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், மவுஸை நிறுத்தாமல்.

"அன்னிக்கு முப்பது பேரு நின்னுக்கினு இருந்தாங்க. மறுநாளு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் குடுக்க கடேசி நாளு. சீசனுக்குன்னு புதுசா வாங்கின பிரிண்டரு ஒரு காயிதத்துக்கு ஒரு வரி அடிக்கும், என்னமோ கிறுக்கலா, துப்பும். அடுத்த காயிதம், அடுத்த வரி. பழையபடி விண்டோஸ் போட்டுக்கலாம்னா சிடிய ஒடச்சிட்டேன். உங்களத்தான் கேட்டேன்."

"போன் பண்ணியிருக்கலாமேடா."

"போன் போட்டா நீங்க ஆபீஸுல எடுப்பீங்களோ இன்னாவோ. மன்றத்துல போட்டா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவீங்கன்னு தெரியும்." மாமனின் தலையை இன்னும் கொஞ்சம் வெளுத்தான். "வந்தீங்க. பதினாலு பாயிண்டு. பசங்க பின்னால நின்னுக்கினு 'அண்ணா ஆச்சா, அண்ணா ஆச்சா'ங்கறாங்க. ஒவ்வொண்ணா படிச்சேன். எந்தப் பாயிண்டுல பிரிண்டரு வருதுன்னு தேடினேன்."

அம்மாள் குறுக்கிட்டாள். "மீசைய எதுக்குபா அழிச்ச?"

"அழிக்கலம்மா. வெளுத்ததுல போய்ட்ச்சி. வெக்கறேன்."

அதற்கப்புறம் நடந்ததை அவன் நாலைந்து வாக்கியத்தில் முடித்துவிட்டான். முப்பது பேரும் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஏகா கடையில் பிரிண்ட் வராது என்று கல்லூரிக்கே தெரிந்துபோனது. மாணிக்கத்தின் டிசைன் மென்பொருள் லினக்ஸில் திறக்காது, அவர் ஏற்கெனவே போயிருந்தார். ஆறு மாதம் துப்பாக்கி விளையாட்டுப் பையன்களுக்காகக் காத்திருந்தான். அந்த விளையாட்டும் லினக்ஸில் வராது.

"அப்புறம் எங்க அண்ணன் பேனரு அடிக்கறதுக்கு இங்க வந்தாரு, கூட வந்தேன். இங்கயே நின்னுட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "ஆக்சுவலா, அப்பவே அந்த மாதிரி பிரிண்டருக்கு வேற டிரைவர் சாஃப்ட்வேர் ஒண்ணு இருந்தது."

ஏகாம்பரம் தலையாட்டினான். "இருக்கும்ங்க," என்றான்.

8

என் மகள் வைதேகிக்குப் பதினோரு வயது. ஐந்து வயதில் இங்கே வந்தாள். தமிழ் புரியும், பேசினால் வினைச்சொல் ஜெர்மனில் இருக்கும், அதன் வால் மட்டும் தமிழில் ஆடும். பிரபந்தம் தெரியாது. இட்லியை ஜாமோடு சாப்பிடுவாள். ஊரிலிருந்து நான் இவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது எதுவும் இல்லை என்றுதான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன், சென்ற மாதம் வரை.

மின்னஞ்சல் வந்த அன்று மாலை, அவள் கம்ப்யூட்டரில் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டு மன்றம். கையில் வைத்து விளையாடும் இரண்டு மெஷின்களில் எது உசத்தி என்று சண்டை. அவள் எழுதியது திரை கொள்ளாமல் நீண்டிருந்தது. எண் போட்டிருந்தாள். ஒன்பது பாயிண்டு.

"அந்த மெஷின் உங்கிட்ட இல்லையேடி."

"ஸோ? அது பெஸ்ட், அப்பா. எல்லாருக்கும் தெரியும்."

"எதிர்த்து எழுதறது யாரு?"

"லேனா. என் கிளாஸ். அவ மூணு நாளா ஆன்சர் பண்ணல." நாற்காலியில் அரைச் சுற்று சுற்றினாள். "நான் ஜெயிச்சுட்டேன்."

"ஸ்கூலுக்கு வராளா?"

"இல்ல. சிக்."

"போன் பண்ணி எப்படி இருக்கேன்னு கேட்டியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்கிற மாதிரி. "எதுக்கு?" என்றாள்.

சமையலறையிலிருந்து பத்மா எட்டிப் பார்த்தாள். தன் மாமனாரைக் கோஷ்டியில் அவள் பார்த்திருக்கிறாள்.

9

அந்தப் பதினான்கு பாயிண்டை அழிக்க முடியாது என்று தெரிந்தது. பதிவிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு யாரும் எதையும் திருத்தவோ அழிக்கவோ கூடாது என்று மன்றத்தில் ஒரு விதி இருக்கிறது. தோற்றுப்போகிறவர்கள் தங்கள் பதிவை அழித்துவிட்டு ஓடுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று இருபது பக்கம் போராடி அந்த விதியைக் கொண்டுவந்தவன் பென்குயின்தாசன்தான்.

மட்டுறுத்துநருக்கு எழுதினேன். "விதி உங்களுக்கும் பொருந்தும் நண்பரே," என்று ஒரு பூச்செண்டு அனுப்பினார்.

மன்னிப்புக் கேட்டுப் புதிய பதிவு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியும் பார்த்தேன், மூன்று நாள் மதிய இடைவேளையில். எவ்வளவு சுருக்கினாலும் அதில் நான்கைந்து பாயிண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அதோடு, அதைப் போட்டால் மறுபடியும் முடித்தவன் நான்தான். மன்னிப்பிலும் கடைசி வாழ்த்து என்னுடையது.

ஆகவே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். மிஷின் இரைச்சலுக்கு நடுவே ஏகாம்பரம் வந்தான்.

"சொல்லுங்க."

"மன்றத்த மூடறாங்கடா. அந்தப் பக்கத்துல கடைசியா நான் எழுதினது அப்படியே நிக்குது. நீ வந்து அதுக்குக் கீழ ஒரு வரி எழுது. திட்டி எழுது. எது வேணாலும் எழுது."

"எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"அதுவா. பாஸ்வேர்டு மறந்துட்ச்சிங்க."

"புதுசா வாங்கித் தரேன். அஞ்சு நிமிஷம்."

"இன்னா எயிதறதுங்க அதுல? நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே." குத்தலாகச் சொல்லவில்லை, சாயங்காலம் மழை வரும் போல இருக்குது என்பது மாதிரி சொன்னான். "தலீவரு பொறந்தநாளு வருது, நாப்பது பேனரு. வெக்கட்டுமா?"

"ஏகா..."

வைத்துவிட்டான். முதல் முறையாக எங்கள் பேச்சை அவன் முடித்தான். அதை வெற்றி என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பானா? தெரியவில்லை. மாமன் தலைகளுக்கு நடுவே அவனுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்திராது.

மாதக் கடைசி நாள் மதியம், உருளைக்கிழங்கை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அறுபத்து மூன்றாம் பக்கம் போனேன். அவன் கேள்வி, என் பதினான்கு பாயிண்டு, இனிதே நிறைவுற்றது, வணக்கம். அதற்குக் கீழே, நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த மாலை நான்கு மணிக்குக் கேட்டிருக்க வேண்டியதைத் தட்டினேன்.

"எந்த பிரிண்டர்டா? மாடல் நம்பர் சொல்லு."

மன்றத்தில் நான் அவனை 'டா' போட்டது அது ஒரு தடவைதான். கேள்வியோடு விட்டுவிட்டால், முடிப்பதற்கு இடம் அவனுக்கு இருக்கும் என்று கணக்கு. கணக்கு வாத்தியார் பிள்ளை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்தேன். பதில் இல்லை. சிறிது நேரத்தில் பக்கம் வெள்ளையாகி, மன்றம் மூடப்பட்டது என்ற அறிவிப்பு மட்டும் மிஞ்சியது. பக்கம் மறைவதற்கு முன்னால், என் பதிவின் ஓரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் இருந்தது. இரண்டு பேர். ஒருவன் ஏகாம்பரமாக இருக்குமோ என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று, வீட்டிலிருந்து பார்த்த நான். இன்னொன்று, மதியம் ஆபீஸிலிருந்து, அந்த விண்டோஸ் மெஷினில், சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று திறந்து பார்த்த நான்.